போடட்டா?

"போடட்டா?"

கீழேயிருந்து என் கணவர் கேட்டார். மொட்டைமாடியில் தகரக் குழாயின் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.



வேலையெல்லாம் முடிந்துவிட்டது. சலவைக்கூடத்தின் நடுவில் ஆள் உயர வாஷிங் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. ஒரு விடுதியின் போர்வை முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுமாம். வீட்டுக் கரண்டெல்லாம் அதன் கடைவாய்க்குக்கூடப் பத்தாது என்று த்ரீ ஃபேஸ் இழுத்துத் தனி போர்டு வைத்திருக்கிறார். ஆவியும் வெக்கையும் வெளியே போக, சுவரைக் குடைந்து இந்தக் குழாயை மாடிவரை ஏற்றி, அதன் வாயில் விசிறியை மாட்டியிருக்கிறோம்.

கீழே சுவிட்சைப் போட்டால் மேலே விசிறியும் சேர்ந்தே சுற்றும். அதனால்தான் போடுமுன் மேலே இருக்கும் ஆளைக் கேட்டாக வேண்டும்.

முன்பெல்லாம் மேலே நின்ற ஆள் நான் இல்லை. தையல் மெஷினைத் தவிர வேறெதையும் தொட்டவளும் இல்லை. இவரோடு ஏணி பிடிக்க இப்போது யாரும் வருவதில்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கப் பொறுக்காமல் நானே கிளம்பிவிட்டேன்.

காலையில் வண்டியில் வரும்போதே பாடம் நடத்தினார். போடலாம் என்றால் "சரி". கூடாது என்றால் "நில்லு". வேறு ஒரு சொல் வாயில் வரக்கூடாது. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கு முடியவில்லை என்றால் இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

"போடட்டா?"

மறுபடியும் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

என் அண்ணனும் இவரும் தொழிற்பள்ளியில் ஒரே பெஞ்சு. என்னை இவருக்குக் கட்டிவைத்ததே அண்ணன்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் வாயிலிருந்து "டா" போகவில்லை. "மாப்பிள்ளைய டா போடாதடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இனிமேல் போடவில்லை என்று பவ்வியமாகத் தலையாட்டுவான். மறுநாளே ஏதாவது ஒரு மாடியில் ஏறி நின்றுகொண்டு, இவர் "போடட்டா?" என்று கேட்டதும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி "போடா!" என்பான்.

அதுதான் அவன் காட்டும் பச்சைக்கொடி. இத்தனை வருடமும் இவர்கள் வேலை அப்படித்தான் நடந்தது.

போன வருடம் வேறொரு சலவைக்கூடம். பக்கத்தில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. இவர் கேட்டார். மேலிருந்து பதில் வந்தது. போட்டார். அண்ணனின் கை அப்போது விசிறி ஒயரில் இருந்தது.

அவன் கத்தியது "போடாத". கடைசி எழுத்து கீழே வந்து சேரவில்லை. அந்த மாடியில் பூச்சுவேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்தான் பிறகு சொன்னார்.

வீட்டில் யாரும் இவரை ஒரு சொல் சொல்லவில்லை. யாராவது வாய்விட்டுத் திட்டியிருந்தால் இவர் அழுதிருப்பார், நானும் அழுதிருப்பேன். நாங்கள் அண்ணனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம்.

நான் இப்போது இங்கிருந்து "சரி" என்று கத்தினாலும் இவர் போடமாட்டார். மேலிருந்து வரும் குரலை இனி இவர் காது நம்பாது. அது எனக்குத் தெரிந்துவிட்டது.

விசிறியைப் பார்த்தேன். ஒயரெல்லாம் மூடியிருந்தது. தகரத்தின் மேல் வெயில் அடித்தது. மாடியைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.

போர்டின் முன்னால் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அழுக்குப் போர்வைக் குவியலுக்குப் பக்கத்தில் சலவைக்கூடத்து முதலாளியம்மா நின்றிருந்தாள்.

"மேல யாரும் இல்லீங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இவர் கண் கலங்கிவிட்டது. அண்ணன் இல்லை என்பதை எங்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

இவர் கை சுவிட்ச் வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

இவரை நான் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டவள் இல்லை.

பக்கத்தில் போய், முகத்துக்கு நேராக நின்று, ஒரு எழுத்தும் தவறாமல் காதில் விழும்படி சொன்னேன்.

"போடா."

அவர் போட்டார்.