மாப்பிள்ளையின் முழங்கால்

"ஒரு கைப்பிடி மாட்டினா உனக்கு என்னம்மா குடி முழுகிப் போயிடும்?"

"பாத்ரூம் சுவத்துல 'இங்க ஒரு கிழவி குளிக்கிறா'ன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கும். வேண்டவே வேண்டாம்."

மகளுக்கு அலுத்துப்போனது. போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கியதோடு போயிற்று, தலை தப்பியது. அடுத்த முறையும் தப்புமா? ஆனால் குளியலறைத் தரையில் ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டால் அது கொடியில் காய்ந்தது. கைப்பிடி என்றாலோ வீடே இரண்டாகும். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் உராய்வுப் பாடம் நடத்திய டீச்சர், சொந்தக் காலுக்கு மட்டும் அந்தப் பாடம் கிடையாது என்கிறாளே! இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

"என்கிட்ட விடு," என்றான் மகளின் கணவன்.

மறுநாள் காலை அவன் நொண்டிக்கொண்டே வந்தான். "அத்தை, முழங்கால் சுருக்குனு பிடிக்குது. பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. பயமா இருக்கு."

அம்மாவின் கண்கள் விரிந்தன. "அடடா! என்ன மாப்பிள்ளை, முதல்லயே சொல்லக் கூடாதா?"

அவ்வளவுதான். கையில் இஞ்ச் டேப்போடு கிளம்பிவிட்டாள்.

"ஈரத் தரையில என்ன நடக்குது தெரியுமா? உங்க காலுக்கும் தரைக்கும் நடுவுல தண்ணி மெல்லிசா ஒரு படலம் போட்டுடும். நீங்க தரையில நிக்கல மாப்பிள்ளை, தண்ணி மேல நிக்கிறீங்க!"

கொடியில் கிடந்த ரப்பர் மிதியடி தரைக்கு வந்தது. கூடத்தில் குறுக்கே ஓடிய டிவி ஒயர் சுவரோரம் ஒதுங்கியது. சுருண்டிருந்த கம்பள நுனியை டேப் போட்டு ஒட்டினாள். இடைவழியில் விட்டு விட்டு எரிந்த பல்பையும் மாற்றச் சொன்னாள். எல்லாம் மாப்பிள்ளையின் முழங்காலுக்காக!

"நான் சொன்னப்ப மட்டும் வேண்டாம்னியேம்மா?"

"அது எனக்கு. இது மாப்பிள்ளைக்கு."

கணவன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் அவன் காதருகே கிசுகிசுத்தாள். "ரொம்பத்தான் பீத்திக்காதீங்க. காலையில இடது கால். இப்ப ஏன் வலது காலை இழுக்கிறீங்க?"

அவன் சட்டென்று காலை மாற்றிக்கொண்டான். நல்லவேளை, அம்மா குளியலறைச் சுவரோரம் கையைத் தொங்கப்போட்டபடி நின்று, பென்சிலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பிளம்பர் வந்ததும் அவருக்கும் பாடம் நடந்தது. "துண்டு போடற கம்பியை மாட்டிட்டுப் போயிடாதீங்க. அது துண்டைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது. நல்லா ஆழமா துளை போட்டு, பெரிய ஸ்க்ரூவா முடுக்குங்க. சரியா நான் போட்ட கோட்டுல."

"டீச்சர் சொன்னா மறுபேச்சு உண்டா?" என்று சிரித்தபடி, பிளம்பர் பளபளவென்று ஒரு கைப்பிடியை மாட்டிவிட்டுப் போனார்.

"பிடிச்சுப் பாருங்க மாப்பிள்ளை," என்றாள் அம்மா.

ஒட்டடைக் கம்பு உயரத்துக்கு வளர்ந்த மனிதன் அவன். கைப்பிடியைப் பிடிக்க இடுப்பை வளைத்துக் குனிய வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தாழ்வா இருக்கே, அத்தை?"

"அம்மா, கோடு தப்பாப் போட்டுட்டியா?" என்றாள் மகள்.

"நானா, தப்பாவா?" அம்மா இருவரையும் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். குளிக்கும் இடத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டாள். அவள் மணிக்கட்டுக்கு நேராக இருந்தது கைப்பிடி. அதை இறுகப் பிடித்து ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"யாராவது கேட்டா உங்களுக்காக மாட்டினதுன்னுதான் சொல்லுவேன் மாப்பிள்ளை. இனிமே எந்தக் கால்னு யோசிக்காம நீங்க நேராவே நடக்கலாம்," என்றாள் அம்மா. "கைப்பிடியை எப்பவும், விழக்கூடிய ஆளோட மணிக்கட்டு உயரத்துலதான் மாட்டணும்."