போணிக்கு வந்தவர்

காசிமேட்டுப் பழைய மீன் சந்தையில் பிலோமி கூடையை இறக்கியதும் அவர் முதல் ஆளாக வந்து நின்றார்.

"சங்கரா கிலோ இன்னா விலை?"

பிலோமி வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் மீன் விற்கும் ரோஸ்மேரி முழங்கையால் இடித்தாள். "போணிக்கு வந்த ஆளாண்ட கம்முனு கீறியே? மொத ஆளு சும்மா திரும்பிப் போனா நாள் பூரா ஈ ஓட்டணும்டி."

"முந்நூறு," என்றாள் பிலோமி வேண்டாவெறுப்பாக.

"புது மீனா?"

"செவுளைத் தூக்கிப் பாரு."

"கையில இன்னா கட்டு?"

"கத்தி கீறிடுச்சு."

"டாக்டராண்ட காட்னியா?"

"காட்னேன். மீனு வேணுமா, வாணாமா?"

அவர் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு நோட்டை நீட்டினார். பிலோமி அதைக் கண்ணில் ஒற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கொழம்பு வச்சிட்றேன். மத்தியானம் வந்து துன்னு," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

ரோஸ்மேரி சிரித்தாள். "பத்து நாளா வூட்ல புருசனாண்ட ஒரு வார்த்தை பேசல நீ. போணின்னா பேசித்தான் ஆவணும்னு தெரிஞ்சிகினு, தெனம் மொத ஆளா வர்றாரு பாரு."

போணி முடிந்துவிட்டது. இனி பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

பிலோமி எழுந்து நின்றாள்.

"யோவ், நேத்து புளி ஜாஸ்தி. இன்னிக்குக் கம்மியா போடு."