இடது கையால் எழுதியது

எச்சில் துணியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூல்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் பதில் சொல்ல வேண்டிவரும்.

"எட்டாவது படிச்சிட்டு எழுத்தாளர் ஆகணும்னா தாராளமா ஆகட்டும். வியாபாரத்துல எதுக்கும்மா எழுத்து?" என்றார் நாத்தனார் கணவர்.

வீட்டுக்குள் அவருக்கு 'ஆஃபர்' என்று பேர். காதுபட யாரும் சொல்வதில்லை. குழந்தைத் துணிகளை மொத்தமாக வாங்கி ஆன்லைனில் விற்கிறவர். எதைப் பேச ஆரம்பித்தாலும் பாதி விலையில்தான் ஆரம்பிப்பார்.

அவளும் ஆன்லைனில்தான் விற்கிறாள். குழந்தையின் கழுத்தில் கட்டுகிற எச்சில் துணி, அது ஒன்று மட்டும். தானே தைத்தது. தைக்கும்போது மனசில் ஓடுவதை அவ்வப்போது பிளாக்கில் எழுதுவாள். நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவளுக்கு அங்கேதான் பேச்சு வரும்.

அந்த பிளாக்கை மூடச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

"சின்னவளுக்குப் பல் முளைக்குதாம். துணியைக் கடிச்சே பிச்சிட்டாளாம். அதனால ஓரத்துல ரெட்டைத் தையல் போட்டியாம். இதெல்லாம் யாரும்மா படிக்கறா? அதைவிடக் கொடுமை, மஞ்சள் துணியில சாயம் போகுது, வாங்கினவங்க திருப்பி அனுப்புங்கன்னு நீயே தம்பட்டம் அடிக்கறே. பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"துவைச்சாத் தெரியும்ணா" என்றாள், நூலைப் பார்த்தபடியே.

அவள் கணவனுக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். எப்போதும் ஸ்பீக்கர்தான். தொழில் எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியவேண்டுமே. "ரெண்டு டஜன் எச்சில் துணியா சார்? நாளைக்கே அனுப்பிடறேன்" என்று முடித்துவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா மாப்ளே? இதுக்குப் பேர் வியாபாரம். நான் ஒண்ணு சொல்றேன். இவ தைக்கட்டும். என் கடைப் பேர்ல நான் வித்துத் தரேன். ஒரே கண்டிஷன். அந்த பிளாக்கை மொத்தமா அழிச்சிடணும். இப்பவே, என் கண்ணு முன்னால."

"அத்தான் சொல்றதும் சரியாத்தானே இருக்கு" என்று கணவன் இழுத்தான். "உனக்கும் வேலை மிச்சம்." அவளுடைய போனை எடுத்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். அறுபத்து மூன்று பதிவுகள். சின்னவள் வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது. முதல் பதிவில் நாலு வரிதான். அந்த நாலு வரிக்கு நாலு நாள் ஆனது. அதைப் படித்துவிட்டு முகம் தெரியாத யாரோ ஒரு அம்மா, "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தரியா தாயி?" என்று கேட்டிருந்தார். அதுதான் முதல் ஆர்டர்.

"எந்த பட்டன்னு தெரியலையா? குடு, நான் அழுத்தறேன்" என்று அவர் கையை நீட்டினார்.

அவள் போனைத் துணிக் குவியலுக்கு அடியில் செருகி, அதன்மேல் இன்னும் ரெண்டு துணியை மடித்து வைத்தாள்.

"மாட்டேன்ணா."

"என்னது?"

"அழிக்க மாட்டேன். யாருமே படிக்கலைன்னுதானே சொல்றீங்க? அப்ப அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டும். அதனால உங்களுக்கு எங்க வலிக்குது?"

கணவன் அவளையே பார்த்தான். கல்யாணம் ஆனதிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசி அவன் கேட்டதில்லை.

"வாய் வந்துடுச்சுடா உன் பொண்டாட்டிக்கு" என்று அவர் ஆரம்பிக்கும்போதே மறுபடியும் போன் அடித்தது. பழக்க தோஷம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

ஒரு பெண் குரல். "எச்சில் துணி விக்கறது நீங்கதானே? எனக்கு நாலு வேணும். உங்க கடையோட ஆன்லைன் பக்கத்துல எழுதறாங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"கடையும் நான்தான், எழுதறதும் நான்தான். சொல்லுங்கம்மா." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.



"நீங்களா சார்? இல்ல... 'மடியில பால் குடுத்துக்கிட்டே இடது கையால டைப் பண்றேன், தப்பு இருந்தாப் பொறுத்துக்கங்க'ன்னு போட்டிருக்கே. அந்தக் குழந்தைக்குப் பல் முளைச்சுதான்னு கேக்கலாம்னுதான்..."

ஆஃபர் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். விரல் எங்கெங்கோ போனது, அங்கே மட்டும் போகவில்லை. கணவன் மீசைக்குக் கீழே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் எழுதியதை எடுத்துத் தன் கடைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இப்பவே, என் கண்ணு முன்னால என்று அவர் பறந்தது எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"குடுங்கண்ணா."

அவர் கொடுக்கவில்லை. அவளே குனிந்து, அவர் கையில் இருந்த போனில் பேசினாள்.

"முளைச்சிடுச்சுக்கா. கீழ ரெண்டு. அதை எழுதினது நான். என் பக்கத்தோட பேரைக் கடைசியில சொல்றேன், குறிச்சுக்கங்க. சாயங்காலம் வந்து பாருங்க, புதுசா ஒண்ணு போட்டிருப்பேன். எங்க அண்ணன் ஒருத்தர், பால் குடுத்துக்கிட்டே இடது கையால—"

"ஏம்மா, சின்னவ முழிச்சிட்டா, ஓடி வா" என்று உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.