விருப்பத் தாள்

அந்த அம்மாள் முதியோர் இல்லத்துக்கு வந்த மூன்றாம் நாளே, அவள் யார் என்று அவளுக்கே பாடம் எடுத்தாள் நர்ஸ்.

"ஸ்வெட்டர் பின்னுறதுன்னா உங்களுக்கு உயிராமே! இந்தாங்க நூல்கண்டு."

"நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவம்மா. எனக்கு பட்டன் தைக்கக்கூட வராது."

"சர்க்கரை இல்லாத பால் கொண்டு வரட்டுமா?"

"பால் வாசனையே எனக்கு ஆகாது."

"உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்னு விருப்பத் தாளை நிரப்பிக் குடுத்ததே உங்க பையன்தாம்மா!"

பெற்ற மகனைவிடவா இவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிடும்? 'மறதி முற்றுகிறது' என்று குறித்துக்கொண்டு மகனுக்குப் போன் செய்தாள் நர்ஸ்.

"அடடா! அது என் மாமியாரைச் சேர்க்கிறதுக்கு எழுதின தாள், சிஸ்டர். மாத்திக் குடுத்துட்டேன். அம்மாவோடது இங்க இருக்கு."

"அதுல என்ன சார் எழுதியிருக்கீங்க?"

தாள் சரசரத்தது.

"'விவரங்களுக்கு மகனைக் கேட்கவும்'னு எழுதியிருக்கேன்."