கல்லறைமேல் பட்டைச் சக்கை

"கவுஸ் பாய், உம்ம ஷாப்புச் சக்கையைக் கொட்ட எங்க உபதேசியார் கல்லறைதான் கெடச்சுதா?"

தோல் ஷாப்பு முதலாளி கவுஸ் பாஷா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். தோல் பதனிட்டு முடிந்த ஆவாரம்பட்டைச் சக்கை, ஈரமும் நாற்றமுமாகக் கல்லறையை மூடிக் கிடந்தது.

நேற்று மதியம் வரை அங்கே அணையாவிளக்கு எரிந்தது. ஒளிவட்டம் வரைந்த படமும், 'புனித மரியசூசை' என்ற பலகையும் இருந்தன. எல்லாம், இப்போது வேலிக்கு இப்பால் நின்று கத்திய கதர்ச்சட்டை தேவானந்தம் வாத்தியாரின் கைங்கரியம்.

ஆம்பூரில் காலரா வந்து ஊரே ஓடியபோது, ஷாப்புத் தொழிலாளிகளோடு தங்கி, பிணம் சுமந்து, கடைசியில் தானும் பிணமானவர் மரியசூசை உபதேசியார். அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டுப் பதினொரு வருஷமாக ரோமாபுரிக்கு மனு எழுதுகிறார் வாத்தியார்.

"எல்லா தேசத்துக்கும் புனிதர் இருக்காங்க. நம்ம ஊருக்கு, நம்ம நிறத்துல ஒருத்தர் வேணாமா?" என்பார்.

"நான் கொட்டல வாத்தியாரே" என்றார் பாய்.

"பேசாதேயும்! மனுவை விசாரிக்கிற சாமியார் வர்ற நேரம். அவரோ வெள்ளைக்காரர். நேத்தே வந்து முசாபரி பங்களாவுல தங்கிட்டாரு. நம்ம வீட்டுச் சோறு வேணாமாம். இதைப் பார்த்தா மனுவைக் கிழிச்சுடுவாரு!"

ஜட்கா வந்து நின்றது. வாத்தியார் ஓடிப்போய்ச் சாமியார் கையை முத்தமிடக் குனிந்தார். சாமியார் அங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்ட கைகளை வெளியே எடுக்கவில்லை.

'திமிரைப் பார்' என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

சாமியார் கல்லறையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இங்கே விளக்கில்லை, படமில்லை. நல்லது. மனு ரோமாபுரிக்குப் போகும்."

வாத்தியார் திகைத்தார். "சாமி?"

"முந்நூறு வருஷத்துச் சட்டம், வாத்தியாரே. ரோமாபுரி சொல்வதற்கு முன் ஊரே ஒருவரைப் புனிதராக்கி விளக்கேற்றிவிட்டால், மனு அங்கேயே நின்றுவிடும். இப்படி ஒரு விளக்கைப் பார்த்துத்தான் போன மாதம் ஒரு மனுவைத் திருப்பினேன். நீங்களாவது இனிமேல் பொறுமையாக இருங்கள்."

வாத்தியார் சக்கைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

சாமியார் ஜட்காவை நோக்கி நடந்ததும், "பாய், மன்னிச்சுடும். காப்பாத்திட்டீர்! இந்தச் சட்டம் உமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் கொட்டலன்னு அப்பவே சொன்னேனே! ஈரச் சக்கை அள்ளின கை பழுப்பேறிப் போய் நாலு நாளானாலும் வெளுக்காது. பாரும், என் கை சுத்தம். கறை யார் கையில இருக்குன்னு போய்த் தேடும்."

ஜட்கா நகர்ந்தது. வாத்தியார் ஓடிப்போய் முழந்தாளிட்டார். இந்தத் தடவை சாமியாருக்கு வேறு வழியில்லை. ஆசீர்வதிக்கக் கையை வெளியே நீட்டினார்.

வெள்ளைக்காரர் கை, மணிக்கட்டு வரை நம்ம நிறத்தில் இருந்தது.