பிச்சை அண்ணாச்சியின் பீங்கான் பல்

மாலதி துணி முடிச்சை அவிழ்த்ததும் பல் டாக்டர் கோகிலவாணிக்குத் திக்கென்றது.

மும்பை தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பிச்சை அண்ணாச்சியின் பல். மாலதியின் அப்பா அவர். திருகாணி போன்ற பீங்கான் வேர் தனியாகவும் மேல்மூடி தனியாகவும் கிடந்தன.

செம்பூரில் கிளினிக் திறந்த புதிதில் அவள் வைத்த முதல் பீங்கான் பல் அது. டைட்டானியம் இருக்கும்போது பீங்கானா, டீக்கப் மாதிரி உடையப்போகிறது என்று கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சிதான், இரும்பு கிரும்பெல்லாம் வாய்க்குள் வேண்டாம் டாக்டரம்மா என்று நம்பி வாயைத் திறந்தார்.

அடேயப்பா, அந்தப் பல்லுக்குத்தான் என்ன மிடுக்கு! வருஷா வருஷம் தீபாவளி முடிந்ததும் செக்கப்புக்கு வருவார். காத்திருப்பவர்கள் முன்னால் கடலை மிட்டாயைப் படக்கென்று கடித்துக் காட்டுவார். எக்ஸ்ரேயில் எலும்பு இம்மியும் இறங்கியிருக்காது. அந்தப் பல்லைப் பார்த்தே எத்தனை பேர் அவளிடம் வந்திருக்கிறார்கள்!

அதுவே கழன்றுவிட்டதென்றால், அத்தனை பேர் வாயிலும் வைத்ததற்கு என்ன கதி?

லென்ஸை எடுத்தாள்.

வேரில் ஒரு கீறல் இல்லை. ஒரு திருகுப் புரிகூட மழுங்கவில்லை. டப்பாவைப் பிரித்த அன்று இருந்தது போலவே இருந்தது. தாடையெலும்பு கவ்விய வேரை லேசில் பிடுங்க முடியாதே, பின்னே எப்படி வெளியே வந்தது? பல்மேல் குற்றமில்லை, தன் கைதான் எங்கோ கோணியிருக்கிறது.

"எப்ப விழுந்துச்சு மாலதி? அண்ணாச்சிய ஏன் கூட்டிட்டு வரல?"

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"விழவே இல்ல டாக்டர். அப்பா போயிட்டாவ. இன்னைக்குக் காலைல தம்பி சயான் சுடுகாட்டுக்குக் காடாத்தி எலும்பு பொறுக்கப் போனான். எலும்பெல்லாம் பொடியாக் கெடந்துச்சாம், இது மட்டும் முழுசா இருந்துச்சாம். இது எலும்பு இல்ல, தூரப் போடுங்கான் அவன். அம்மா விட மாட்டேங்கா. ஒங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னா."

கோகிலவாணிக்குக் கண் மறைத்தது. இரண்டு துண்டையும் துணியில் வைத்து, தானே முடிச்சுப் போட்டாள்.

"இத்தன வருஷமா அவர் எலும்பு இதை விடலையே மாலதி. எலும்போட சேத்தே கடல்ல கரைங்க."