தீவில் ஒரு ஹெல்மெட்

கல்யாணமான கையோடு ராணுவ மாப்பிள்ளையுடன் கடல் தாண்டித் தீவுக்குப் போன மகளிடம், அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

"என்னடி அது?"

"எங்க கூரை மேலம்மா. இங்க தினமும் இப்படித்தான். நேத்து பக்கத்து வீட்டு ஜீப் கண்ணாடி போச்சு."

"மாப்பிள்ளைக்கு ஹெல்மெட்டாவது குடுத்திருக்காங்களா?"

"குடுத்தாங்க. அது இல்லாம வெளிய கால் வைக்க முடியாதே."

"நல்லவேளை. தூங்கும்போதுகூடக் கழட்ட வேணாம்னு சொல்லு."

"அவர்கிட்ட எங்க இருக்கு? இப்பக்கூட என் தலையிலதான் இருக்கு."

"அடிப்பாவி, சண்டைக்குப் போற மனுஷனை அம்போன்னு விட்டுட்டியா?"

"அவருக்கு ஏசி ரூம்ல ஸ்டோர் வேலைம்மா. பின்பக்கம் தென்னை மரத்தடியில துணி காயப்போடறது நான்தானே?"

மறுபடியும் 'டமார்'.

"வச்சிடறேம்மா. மேஜர் சம்சாரம் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வேலி தாண்டறாங்க. அவங்க கைக்குப் போறதுக்குள்ள தேங்காயை நான் எடுத்தாகணும்."